முதுகு வலி

என் தம்பிக்கு முதுகு வலி என்பதை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். 2019ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வேலை முடிந்து, சிங்கப்பூர் தோ பாயோவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கல்மேசையைச் சுற்றி அவனுடைய பள்ளித் தோழர்கள் நால்வர். நால்வருக்கும் ஒட்ட வெட்டிய தலை. ஈராண்டுக் கட்டாயப் படைப்பணியான தேசிய சேவையில் சேர்ந்து முதல் விடுப்பில் வீடு வந்த பையன்களின் தலை. நடுவே என் தம்பி மட்டும் நெற்றியை மூடும் முடியோடு உட்கார்ந்திருந்தான்.

"உன்னை எப்போது கூப்பிடுகிறார்கள்?" என்று ஒருவன் கேட்டான்.

"என்னை எடுக்கவில்லை. முதுகு வலி. அந்த விபத்தில் பட்ட அடி, பாரம் தூக்கக் கூடாதாம்" என்றான் தம்பி.

"கொடுத்துவைத்தவன்" என்று இன்னொருவன் சிரித்தான். நான் மின்தூக்கிக்குப் போகாமல் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

அவன் முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. அடி பட்டது தலையில். தேசிய சேவைக்குத் தகுதியில்லை என்று கடிதம் வந்தபோது, "இது வேறு யாருக்கோ எழுதியது, மாற்றி அனுப்பிவிட்டார்கள்" என்று இரண்டு நாள் எங்களோடு மல்லுக்கு நின்றவன் அவன். "எனக்கு ஒன்றும் இல்லை" என்பதைத் தவிர வேறு பேச்சே அறியாதவன். அப்படிப்பட்டவன் நண்பர்களிடம் எதற்காக முதுகைக் காரணம் காட்டினான்? பொய் சொல்ல வேண்டுமானால் உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டுமே. "அவனுக்குத் தன் நிலை தெரியவில்லை" என்று மருத்துவர்கள் சொல்லி, நாங்களும் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அந்த இடத்தில் ஆட்டம் கண்டது.

விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2017இல், தொடக்கக் கல்லூரி முதலாண்டில், இரவு பத்து மணிக்கு மேல் காலாங் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிளில் போனான். சரிவில் சறுக்கி, தலை கல்விளிம்பில் மோதியது. தலைக்கவசம் இல்லை. (சாலையில் சைக்கிள் ஓட்டுவோருக்கு அது கட்டாயமானதே 2019இல்தான். வெறுந்தலையோடு பறக்கும் பையன்களை நிறுத்தித் திட்டுகிற ஆன்ட்டியாக நான் மாறி வெகுநாள் ஆகிறது.)

மருத்துவமனையில் எங்கள் காதில் விழுந்த முதல் எண் 6. கிளாஸ்கோவைச் சேர்ந்த டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள், நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1974இல் வகுத்த அளவுகோல் அது. கண் திறக்கிறானா, பேசுகிறானா, சொன்னால் கையை அசைக்கிறானா என்று பார்த்து 3 முதல் 15 வரை புள்ளி கொடுப்பார்கள். எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வில் புள்ளி குறையக் குறையச் சிறப்பு, 6 வாங்கினால் அதற்கு மேல் சிறப்பில்லை என்று பழகிய ஊர் இது. "ஆறு" என்றதும் அம்மாவின் முகம் ஒரு நொடி தெளிந்தது. அந்த நொடியை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

பிழைத்துக்கொண்டான். கண் விழித்த பிறகும் ஐந்து வாரம் அவனுக்கு நாளும் கிழமையும் நிற்கவில்லை. காலையில் வந்துபோனவரை மாலையில் மறந்தான். பிறகு நடந்தான், பேசினான், சாப்பிட்டான், கேலி செய்தான். நான்காம் மாதம் கோயிலில் பார்த்த உறவினர்கள், "ஆளைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறதே, எல்லாம் முருகன் செயல்" என்றார்கள். இந்தக் காயத்தின் குரூரமே அதுதான். கை போயிருந்தால் கை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

எனக்கு ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தலை வேகமாக மோதி நிற்கும்போது உள்ளே மூளை நிற்பதில்லை. அது முன்னே நகர்கிறது, திருகுகிறது. மண்டையோட்டின் உட்புறம் முன்பக்க அடித்தளம் வழவழப்பாக இருக்காது, எலும்பு மேடும் முகடுமாக இருக்கும். அதில் உராய்ந்து அடிபடுவது பெரும்பாலும் முன்மடலும் பக்கமடலும். திருகலில் நீண்ட நரம்பிழைகள் இழுபட்டு அறுந்துபோகும். அதில் பெரும்பகுதி சாதாரண ஸ்கேனில் தெரிவதும் இல்லை. திட்டமிடுவது, கோபத்தை நிறுத்துவது, சொல்லவந்ததை எதிராளியின் முகம் பார்த்து மாற்றிக்கொள்வது, இவையெல்லாம் முன்மடலின் வேலைகள். "நான் இப்போது எப்படிச் செய்துகொண்டிருக்கிறேன்" என்று தன்னையே கண்காணிப்பதும் பெருமளவு அதன் வேலைதான். பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆளே பழுதாகிவிட்டால் புகார் எங்கிருந்து வரும்?

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 1914இல் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி, இடப்பக்கம் செயலிழந்தும் அதை உணராமலே இருந்த நோயாளிகளைப் பற்றிச் சொல்லும்போது, கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'அனோசோக்னோசியா' என்று பெயரிட்டார். நோய் பற்றிய அறிவு இல்லாமை. கை அசையாதது கண்ணெதிரே இருந்தும் தெரியாமல் போகுமென்றால், கோபமும் மறதியும் எந்த மூலைக்கு? இந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கிடைத்த ஆறுதல் பெரிது. அதுவரை அவனைத் திமிர் பிடித்தவன் என்றே நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன்: "அவனுக்குத் தன்னைப் பற்றிய உணர்வு அடிபட்டிருக்கிறதாம்." அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "பதினேழு வயதில் எந்தப் பையனுக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது?" என்றார்.

அம்மா சொன்னதில் பாதிக்கு மேல் மருத்துவம் இருந்தது. முன்மடல் முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். பதினேழில் அடிபடுவது, வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் சரிவதுபோல; எது இடிந்தது, எது இன்னும் கட்டவே இல்லை என்று பிரித்துச் சொல்வது கடினம். நாற்பது வயதுக்காரருக்கு "முன்பு நான் இப்படி இருந்தேன்" என்று ஒப்பிட ஒரு நீண்ட வாழ்க்கை இருக்கிறது. என் தம்பிக்கு இருந்தது அரைகுறையாக எழுதிய ஒரு பக்கம்.

மறுவாழ்வு சிகிச்சையில் ஒரு படிவம் தந்தார்கள். ஜார்ஜ் பிரிகடானோ என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் பணியாற்றியோரும் 1980களில் உருவாக்கிய முறை. முப்பது கேள்விகள். சமைக்க முடிகிறதா, நேரத்துக்குப் போக முடிகிறதா, கோபம் வந்தால் அடக்க முடிகிறதா. ஒன்று என்றால் முடியாது, ஐந்து என்றால் எளிதாக முடியும். அதே கேள்விகளை நோயாளியும் நிரப்ப வேண்டும், வீட்டில் ஒருவரும் நிரப்ப வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தன்னுணர்வின் குறையாக எடுத்துக்கொள்வார்கள்.

தம்பி மூன்று நிமிடத்தில் வரிசையாக ஐந்து, ஐந்து, ஐந்து. அம்மாவுக்கு நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். இரண்டும் மூன்றுமாக வந்தது. கணக்குப் போட்டால் பெரிய பள்ளம். ஆனால் எனக்கு அந்தக் கணக்கில் ஒரு நெருடல் அப்போதே இருந்தது. முதல் நாள் இரவு முழுக்க அவனோடு விழித்திருந்த அம்மா போட்ட இரண்டு, நன்றாகத் தூங்கியிருந்தால் மூன்றாகியிருக்கும். விபத்துக்கு முந்தைய பையனை அம்மா இப்போது கண்ணனாக நினைவு வைத்திருந்தார். அவன் பதினாறு வயதில் கதவை உதைத்து உடைத்ததை மறந்தே போயிருந்தார். கோபத்தை அடக்குவதில் அன்றைக்கும் நான் அவனுக்கு மூன்றுக்கு மேல் போட்டிருக்க மாட்டேன்.

அவனோடு நாங்கள் சண்டை போட்ட விதத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. சாட்சி சேர்த்தோம். தேதி வாரியாக நான் ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருந்தேன்: செவ்வாய் சாவியைத் தொலைத்தான், புதன் பஸ்ஸில் ஒரு முதியவரைப் பார்த்துக் கத்தினான். அவன் "ஒன்றும் இல்லை" என்றதும் நோட்டைத் திறந்து படிப்பேன். வழக்கறிஞரே என்னிடம் தோற்றுப்போவார். அவன் கேட்டுவிட்டு, "சாவியை நீதான் ஒளித்துவைத்தாய்" என்பான். ஓர் ஆண்டில் நான் சாதித்தது ஒன்றே: அவன் வீட்டில் யாரையும் நம்பாமல் போனான்.

நோட்டை மூடச் சொன்னது 'சமையலறை மிஸ்'. அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பதற்கு ஆளுக்கொரு தமிழ்ச்சொல் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். இளம் சீனப் பெண், தமிழில் "சாப்பிட்டாச்சா" மட்டும் தெரியும். பயிற்சி சமையலறைக்குத் தம்பியை அழைத்துப்போய், "உனக்குப் பிடித்ததைச் செய்" என்றார். அவன் முட்டை போட்ட மீ கோரெங் நூடுல்ஸ் என்றான். தொடங்கும் முன் ஒரு தாளை நீட்டினார்: எத்தனை நிமிடம் ஆகும்? எத்தனை முறை உதவி கேட்பாய்? எது மறந்துபோகலாம்? தம்பி எழுதினான்: 15. பூஜ்ஜியம். ஒன்றுமில்லை.

நாற்பத்தெட்டு நிமிடம் ஆனது. முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் வைத்தவன் அதைப் போடவே இல்லை. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது, அவர்தான் அணைத்தார். நான் வாயைத் திறக்கப்போனேன், கண்ணாலேயே தடுத்தார். முடிந்ததும் அதே தாளை அவனிடம் கொடுத்து, நடந்ததைப் பக்கத்தில் எழுதச் சொன்னார். திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. அவன் 48 என்று எழுதிவிட்டு, "இந்த அடுப்பு பழக்கமில்லை" என்றான். "சரி, அடுத்த வாரம் இதே அடுப்பு" என்றார் அவர்.

அடுத்த வாரம் அவன் எழுதிய எண் 25. ஆனது 40. அந்த 25ஐ அவர் எங்களிடம் காட்டியபோது இதில் என்ன பெருமைப்படுவது என்று எனக்கு முதலில் புரியவில்லை. யாரும் அவனிடம் நீ குறைந்தவன் என்று சொல்லவில்லை. 15 என்ற எண்ணை அடித்தது அவன் கையேதான். பிறர் சொன்னால் மறுக்கலாம், தன் கையெழுத்தோடு எப்படி வழக்காடுவது?

பிறகு அவர் ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார். 1989இல் புரூஸ் கிராசனும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த பிரமிடு. அடித்தளத்தில், எனக்கு இன்னது கடினம் என்று அறிவால் தெரிவது. அதன் மேல், தவறு நடக்கும்போதே நடக்கிறது என்று உணர்வது. உச்சியில், நடக்கும் முன்பே இது வரும் என்று எதிர்பார்த்து வழி செய்துகொள்வது. கீழ்ப்படியில் நிற்பவனிடம் உச்சியை எதிர்பார்த்துத்தான் நாங்கள் தினமும் கத்திக்கொண்டிருந்தோம்.

படிகள் இத்தனை ஒழுங்காக வருவதில்லை என்பதைத் தைப்பூசம் காட்டியது. 2020இல் பால்குடம் எடுக்கிறேன் என்று அவனே கேட்டான். விரதம் பிசகாமல் இருந்தான். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு செட்டியார் கோயில்வரை நடப்பதற்கு அவனே திட்டம் போட்டான்: கூட்டத்தில் தலை கனக்கும் என்று காதடைப்பான் வாங்கினான், தண்ணீருக்கு என்னை வலப்பக்கம் நடக்கச் சொன்னான். நான் உள்ளுக்குள் உச்சிப்படியையே பார்த்துவிட்டேன். சிலிகி சாலை அருகே பக்கத்தில் வந்த காவடிக்கு வழி விடச் சொன்ன தொண்டூழியரை, எல்லோர் முன்னும், எழுத முடியாத சொற்களில் திட்டினான். குடத்துப் பால் தோளில் வழிந்தது. ஓரமாக உட்காரவைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து, "அந்த ஆளுக்கு என்ன கோபம்?" என்று என்னிடம் கேட்டான். கூட்டத்தின் இரைச்சல் தன்னை என்ன செய்யும் என்று முன்கூட்டியே அறிந்திருந்தான். தன் குரல் உயர்ந்ததை மட்டும் அறியவில்லை.

கோயிலுக்கு நடந்து முடித்தோம். அபிஷேகத்துக்கு மீதியிருந்த பால் அரைக்குடம்.

இங்கேதான் முதுகு வலிக்குத் திரும்ப வேண்டும். அவன் "ஒன்றும் இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அது ஒரே ஒன்றும்-இல்லை அல்ல என்று அந்த வெள்ளிக்கிழமை முதல் சந்தேகப்படத் தொடங்கியிருந்தேன். சில நேரம் மூளைக்கு உண்மையிலேயே எட்டவில்லை. குரல் உயர்ந்தது அப்படி. அப்போது அவன் முகத்தில் வெறும் திகைப்புதான் இருக்கும். வேறு சில நேரம் நன்றாகவே தெரிந்திருந்தது, தாங்க முடியாமல் கதவைச் சாத்தினான், கடிதம் அப்படி. அப்போது கோபமும் சாமர்த்தியமும் சேர்ந்து வரும், அழகான காரணங்கள் வரும். முதலாவதற்குத் தாளும் பென்சிலும் வேண்டும். இரண்டாவதற்கு யாரும் எதையும் நிரூபிக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டுக்கும் நான் கொடுத்தது அந்த நோட்டுப் புத்தகம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பதினெட்டு வயதில் எல்லாப் பையன்களும் சீருடை போடும் ஊரில், 1967 முதல் வீட்டுக்கு வீடு பழகிப்போன அந்தச் சேவைக்கு அழைக்கப்படாமல் நிற்பவனுக்கு, முதுகு ஒரு மரியாதையான இடமாகத் தெரிந்திருக்கிறது. முதுகு வலிக்கு யாரும் ஒருவனைப் பைத்தியம் என்று சொல்வதில்லை.

சிகிச்சைக் கூடத்தில் பழகிய இன்னொரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் மகளுக்கு ஆறு வயதில் அடி. விரைவில் தேறினாள், தொடக்கப்பள்ளியில் எல்லாரும் மறந்தே விட்டார்கள். உயர்நிலை ஒன்றில் பத்துப் பாடம், பத்து ஆசிரியர், தானே அட்டவணை பார்த்துப் புத்தகம் எடுத்துவைக்க வேண்டும் என்றானதும் சிதறினாள். குழந்தையில் பட்ட காயம் அந்தத் திறன் தேவைப்படும் வயது வரும்வரை ஒளிந்திருக்கக் கூடும். அவளுக்கோ ஒப்பிட 'முன்பு' என்பதே கிடையாது. "நான் சோம்பேறி" என்று சொல்லிக்கொள்வாளாம். தன்னைத் தப்பாக அறிவதும் ஓர் அறியாமைதானே. அவள் அம்மா இதைச் சொன்னபோது நான் கோப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

2020 ஏப்ரலில் ஊரே வீட்டுக்குள் அடைந்தது. எங்கள் வீட்டில் அவை அமைதியான நாள்கள். ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, கூட்டமில்லை, புதியவர் இல்லை; அவன் அருமையாக இருந்தான். குணமாகிவிட்டான் என்று அம்மா நேர்த்திக்கடன் பேசத் தொடங்கினார். ஊர் திறந்தது, தோழர்கள் சேவை முடித்துப் பல்கலைக்கழகம் போனார்கள், இவன் மறுபடி சேர்ந்து பாதியில் நின்ற படிப்போடு வீட்டில் இருந்தான். 2021இல் ஒரு நாள் இரவு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நான் பழைய ஆள் இல்லை, இல்லையா?" என்றான்.

நான்கு ஆண்டுகளாக நாங்கள் வேண்டிக்கொண்ட வாக்கியம். அது வந்தபோது யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு ஏழெட்டு மாதம் அறைக்குள்ளேயே கிடந்தான். முன்பாவது கத்துவான், இப்போது சத்தமே இல்லை. தன்னுணர்வு கூடும்போது மனச்சோர்வும் கூடுவது இந்தக் காயத்தில் பலரிடம் காணப்படுவதுதான் என்றும், இப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். எங்களுக்கு இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துக்கொடுக்க அத்தனை அவசரப்பட்டோம், அதில் என்ன தெரியப்போகிறது என்று நினைக்கவே இல்லை. மருந்து, பேச்சு சிகிச்சை, மாலையில் அம்மாவோடு மார்க்கெட் என்று மெல்ல வெளியே வந்தான்.

இப்போது அவனுக்கு வயது 25. தேக்காவில் ஒரு சமையல் பொருள் கடையின் பின்கட்டில், வாரம் நான்கு நாள், காலை வேளை மட்டும் வேலை செய்கிறான். மதியத்துக்கு மேல் தன்னால் முடியாது என்று முதலாளியிடம் அவனே முதல் நாளில் சொல்லிவிட்டானாம். சித்தி மகள் கல்யாணத்துக்கு, "ஒரு மணி நேரம்தான் இருப்பேன், நாதஸ்வரக்காரர் பக்கம் உட்கார மாட்டேன்" என்று கூறிவிட்டு வந்து, சொன்னபடியே போய்விட்டான். அதே பையன் போன மாதம் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கப்போகிறேன் என்றான். எனக்கு ஒன்றும் இல்லை என்றான்.

நான் கத்தினேன். எட்டு ஆண்டுகளில் படித்தது, கேட்டது, தாள், பென்சில் எல்லாம் காற்றில் போயின. ஆறு என்ற எண்ணைச் சொல்லிக் கத்தினேன். அவன் எழுந்து அறைக்குள் போனான். அழப்போகிறான் என்று நினைத்தேன். பழைய கோப்பைக் கிளறி, மடிப்பில் கிழிந்த ஒரு தாளோடு திரும்பி வந்தான். அந்த முப்பது கேள்விப் படிவம்.

"நீ உனக்குப் போடு. நான் உனக்குப் போடுகிறேன்" என்றான்.

பென்சிலால் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவன். கோபம் வந்தால் அடக்க முடிகிறதா என்ற இடத்தில் நான் எனக்கு 4 போட்டிருந்தேன். அவன் எனக்குப் போட்டது 2.

"அம்மாவைக் கேட்போம்" என்றேன். அம்மா தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுக்களையிலிருந்து ஏதோ தீய்ந்த வாடை வந்துகொண்டிருந்தது. "அடுப்பில் பாலை வைத்தது யார்?" என்றார்.

வைத்தது நான்தான். தம்பி எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தான்.